மதராஸ் பட்டாளம், 28 மி.மீ.

ஜூன் 8, சேன் தெனி, ரெயூனியன்

மேஜைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கு அடுத்த பொம்மைப் படை முடிவாகிவிட்டது. நெப்போலியன் காலம்தான், ஆனால் வாட்டர்லூ இல்லை; அதைத்தான் எல்லாரும் செய்கிறார்களே. 1810 ஜூலையில் ஆங்கிலேயர் இந்த ரெயூனியன் தீவைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த சண்டை. கர்னல் கீட்டிங்கின் படையில் 69ஆவது, 86ஆவது ரெஜிமென்ட்டுகளோடு மதராஸ் சிப்பாய்களும் வந்து இறங்கினார்கள். சண்டை நடந்த லா ரெதூத் வழியாகத்தான் நான் வேலைக்குப் போகிறேன்.

மாமாவிடம் சொன்னேன். பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். "புதுச்சேரியில பொறந்துட்டு இங்கிலீஷ்காரன் படையைச் சேக்கிறியாடா?" என்றார். சரி, பிரெஞ்சுப் பக்கம் நீங்களே ஆடுங்கள் என்றேன்.

ஜூன் 15

28 மி.மீ.க்குப் பதில் 15 மி.மீ. உயரப் பொம்மை என்றால் காசும் மிச்சம், அலமாரியில் இடமும் மிச்சம். ஆனால் எனக்கு முகம் தெரியவேண்டும். காரணம் வேலூர்.

நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, புது மாதிரித் தலைப்பாகை என்று 1805இல் மதராஸ் படைக்கு உத்தரவு போட்டார்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்க் கலகம் வெடித்தது. அதற்குப் பிறகு உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். ஆக, 1810 சிப்பாய்க்குத் திருநீறும் நாமமும் தாராளமாக இடலாம்.

வேலூரில் அன்று வெட்டுப்பட்ட வெள்ளைக்காரர்கள் எந்த ரெஜிமென்ட்? அதே 69. நான்கே வருடத்தில் மதராஸ் சிப்பாய்களோடு சேர்ந்து இங்கே வந்திருக்கிறார்கள். இரண்டு பிரிவும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றுக்கொன்று துணை நிற்பதற்கான புள்ளி கிடையாது என்று ஒரு விதி வைக்க ஆசை. ஆனால் இங்கே அவர்கள் முறைத்துக்கொண்டதாக எதையும் நான் படித்ததில்லை. வேண்டாம், விட்டுவிட்டேன்.

ஜூன் 22

வாங்கவேண்டிய பொம்மைகள்: சிப்பாய் 24, 86ஆவது 24, 69ஆவது 16. 86க்குக் காலர் மஞ்சள், 69க்குப் பச்சை. பாரிஸிலிருந்து வரவழைத்தாலும் தீவுக்குள் வரும் சரக்குக்கான ஒக்த்ருவா வரி உண்டு, அதனால் எல்லாம் ஒரே ஆர்டரில்.

ஜூன் 29

மாதிரிக்கு ஒரு சிப்பாய்க்குப் பெயின்ட் அடித்தேன். நெற்றி இரண்டு மி.மீ. கூட இல்லை. மூன்று வெள்ளைக் கோடு இழுத்தால் ஒன்றோடொன்று கலந்து காயக்கட்டு போலாகிறது. அப்புறம் தலைகீழாகச் செய்தேன்: முதலில் முழு நெற்றிக்கும் வெள்ளை, அது காய்ந்ததும் குறுக்கே தோல் நிறத்தில் இரண்டு மெல்லிய கோடு. பட்டை பளிச்சென்று விழுந்தது! அடித்தட்டில் எத்தாங் சலே கடற்கரையின் கறுப்பு மணலை ஒட்டினேன். கடையில் விற்கும் மஞ்சள் மணல் இந்த ஊருக்கு ஒட்டாது.

ரிவியேர் தெ ப்ளுயியில் இறங்கும்போது அலை அடித்துப் படகுகள் உடைந்தன. அதற்கு விதி உண்டு: படகுக்கு ஒரு தாயக்கட்டை, 1 விழுந்தால் படகு போச்சு. மாமா இப்போதே இன்னொரு பீரங்கி கேட்கிறார். தரமாட்டேன்.