படிவத்தில் இல்லாத வாய்க்கால்

முத்துப்பேட்டைக்கு நான் வேலைக்குப் போன முதல் வருடம் எனக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு பத்தாயிரம் கன்று. எங்கே நடுவது, எப்படி நடுவது என்பதெல்லாம் அப்புறம். முதலில் எண்ணிக்கை. சுனாமிக்குப் பிந்தைய காலம் அது. அலையாத்திக் காடு, அதாவது மாங்குரோவ், என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்கள்கூட அதற்குப் பணம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். எங்களுக்கும் ஒரு பெரிய நிறுவனம் கொடுத்தது. நடும் நாளன்று அவர்களுடைய ஊழியர்கள் இரண்டு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை டீ-ஷர்ட், தொப்பி. ஜாம்புவானோடையில் படகு ஏறி, கோரையாறு வழியாகக் காயலுக்குப் போய், கரையோரச் சேற்றில் இறங்கி நட்டோம். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், படகை நிறுத்தத் தோதாக இருந்தது. புகைப்படத்தில் பின்னணியாகக் காடும் விழுந்தது.

கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர் வலையை உதறிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கிளம்பிய பிறகு என்னிடம் மட்டும் கேட்டார்.

"தம்பி, மீனு துள்ளுற எடத்துல மரத்த நட்டா, மரம் எங்க மூச்சு வுடும்?"

சிரித்து வைத்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது, கையில் எம்.எஸ்ஸி. பட்டம்.

நான்கு மாதத்தில் கன்றுகள் போய்விட்டன. நாங்கள் நட்டது வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம். நாள் முழுக்கத் தண்ணீர் நின்ற இடத்தில் அது எப்படி நிற்கும்? அதன் வேர் சேற்றுக்கு மேலே பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டு காற்றை வாங்குவது. ஓதம், அதாவது கடல் நீர், ஏறினால் மூழ்கும், வற்றினால் வெளியே தெரியும். வற்றவே வற்றாத இடத்தில் கன்றை வைத்துவிட்டு வந்திருக்கிறோம். மிச்சம் இருந்த தண்டுகளில், படகின் அடியில் ஒட்டுமே கூரான சிப்பி, அது கொத்துக் கொத்தாக ஏறி, பாரம் தாங்காமல் சாய்த்துவிட்டது. ஆனால் அறிக்கையில் "நடப்பட்டவை: 10,000" என்று இருந்தது. பொய் இல்லை. நட்டோம்தானே.

முத்துப்பேட்டையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். காவிரிப் படுகையின் கடைக்கோடி இது. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு என்று மிஞ்சிய தண்ணீரெல்லாம் வந்து சேர்ந்து காயலாகி, பிறகு பாக் நீரிணையில் கலக்கிறது. கோடியக்கரையோடு சேர்த்து 2002-இல் உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பகுதி. இங்கே ஓதத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயர வித்தியாசம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. சுந்தரவனத்தில் இருப்பதுபோல ஆளுயரத்துக்கு மேல் ஏறி இறங்கும் தண்ணீர் இல்லை. அதனால் இங்கே நாலு விரற்கடை மேடு பள்ளம் ஒரு காட்டின் தலையெழுத்தையே மாற்றிவிடும். இதை நான் புரிந்துகொள்ள ஒரு முழு வருடம் ஆனது.

காட்டுக்குள் நடந்தால் திடீரென்று பெரிய வெட்டவெளி வரும். ஒரு செடி இருக்காது. வெயில் காலத்தில் தரை வெடித்து, மேலே உப்பு பூத்துக் கிடக்கும். பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்போம். கடல் நீரில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. இங்கே நீலக்கோடு எண்பதைத் தாண்டி நிற்கும். வெண்கண்டல் உப்புக்குப் பழகிய மரம்தான். இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும், வேண்டாத உப்பை இலை வழியாகத் துப்பிவிடும். ஆனால் அதற்கும் ஒரு அளவு உண்டு.

இந்த வெட்டவெளி எப்படி வந்தது என்று எனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது இதுதான்: ஊர்க்காரர்கள் ஆடு மாடு மேய்த்தார்கள், விறகு வெட்டினார்கள், காடு அழிந்தது. எங்கள் விழிப்புணர்வுக் கூட்டத்துப் படக்காட்சியில் ஒரு வெள்ளாட்டின் படமே இருந்தது, வாயில் கண்டல் இலையோடு. அந்தப் படத்தை அந்த ஆட்டின் சொந்தக்காரர்கள் முன்னால் போட்டுக் காட்டிப் பேசியிருக்கிறேன். அவர்களும் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் போயிருக்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

உண்மையான கதை வேறு. பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகும் சில பத்தாண்டுகள் இந்தக் காடுகளை 'கூப்' முறையில் வெட்டினார்கள். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து, ஒவ்வொன்றையும் மொட்டையாக வெட்டி விற்பது. வெட்டிய இடம் தானே முளைத்துவிடும் என்று கணக்கு. மலைக்காட்டில் அந்தக் கணக்கு ஓரளவு செல்லுபடியாகலாம். இங்கே நடந்தது என்னவென்றால், நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்தது. காய்ந்த களி சுருங்கி அமிழ்ந்தது. நிலம் சாப்பாட்டுத் தட்டு மாதிரி நடுவில் குழிந்துவிட்டது. பெரிய ஓதத்தில் தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வரும், திரும்பிப் போக வழி இருக்காது. வெயில் தண்ணீரை எடுத்துக்கொள்ளும், உப்பு தங்கும். அடுத்த ஓதம், இன்னும் கொஞ்சம் உப்பு. இப்படியே பல வருடம். ஆடு தின்றதும் விறகு ஒடித்ததும் இல்லை என்று சொல்லவில்லை. இந்தப் பள்ளத்தை ஆடு தோண்டவில்லை என்றுதான் சொல்கிறேன்.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் செய்து காட்டியது இதற்கான மருந்து: மீன்முள் வாய்க்கால். இயற்கையான ஓடையிலிருந்து நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகப் பிரியும் கிளைகள். ஓதத்தில் தண்ணீர் உள்ளே வந்து, வற்றத்தில் உப்பை அள்ளிக்கொண்டு வெளியே போகும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டு போய்ப் பெரியவரிடம் விளக்கினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் படகில் ஏற்றி, துறைக்காட்டுப் பக்கம் ஒரு பழைய வாய்க்காலுக்குக் கூட்டிப்போனார். அவருடைய அப்பா காலத்தில் மீனுக்காக வெட்டியது. ஓதத்தோடு மீனும் இறாலும் உள்ளே வரும், வற்றும்போது வாயில் வலையைக் கட்டிப் பிடிப்பார்கள். முத்துப்பேட்டைப் பக்கம் பழைய வழக்கம் அது. அந்த வாய்க்காலின் இரண்டு கரையிலும் வெண்கண்டல் வேலி கட்டியது மாதிரி நெருக்கமாக நின்றது. யாரும் நடவில்லை.

"தண்ணி வரணும், போவணும். அம்புட்டுதான்" என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் நக்கலும் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த வருடம் வேறொரு நிதியில் வாய்க்கால் வெட்ட ஆரம்பித்தோம். நானே மட்டம் பார்த்தேன். கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, டியூப் லெவல், அதேதான். நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, கண்ணுக்குத் தெரிய நாலு சொட்டு துணி நீலம் விட்டு, இந்த முனையை ஒருவர், அந்த முனையை ஒருவர் பிடிப்பது. முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு குச்சியில் கோடு போடுவேன். குழாயில் காற்றுக் குமிழ் இருந்ததைக் கவனிக்கவில்லை. பதினான்கு பேர் இரண்டு நாள் வெட்டிய கிளையில் தண்ணீர் அழகாக உள்ளே போனது. போனதோடு சரி. உள்முனை ஆழமாகவும் வாய் மேடாகவும் ஆகிவிட்டது. கூப்புக்காரர்கள் செய்ததை நானும் சின்ன அளவில் செய்துவிட்டேன். கூலிக்கு வந்த அக்கா ஒருவர் மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு, "என்ன சார், குளம் வெட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி? இரண்டு நாள் கூலி என் சம்பளத்திலிருந்து போனது. அதன் பிறகு குழாயை எத்தனை முறை தட்டிப் பார்ப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

சரியாக வெட்டிய கிளைகளில் முதலில் வந்தது உமிரி. கடலோர ஊர்களில் கீரையாகச் சமைப்பார்களே, அந்தச் செடி. பிறகு நண்டு வளைகள். மழைக்காலத்தில் காய்கள் மிதந்து வந்தன. வெண்கண்டல் காய் பார்ப்பதற்கு மொச்சை விதை மாதிரி இருக்கும், மரத்திலேயே உள்ளுக்குள் முளை விட்டு, விழுந்ததும் வேர் பிடிக்கத் தயாராக வரும். கார்த்திகை முடிந்து ஒரு நாள் போனபோது வாய்க்கால் ஓரமாக இரண்டு இலை, நாலு இலை என்று நூற்றுக்கணக்கில் நின்றன. நாங்கள் விதைத்த வரிசைக்கு வெளியிலும் நின்றன. அன்று மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே மறந்துவிட்டேன்.

அந்த வருட அறிக்கையில் வந்தது வினை. படிவத்தில் நடப்பட்ட கன்றுகள், இனம், பிழைத்தவை சதவீதம் என்று கட்டங்கள். தானாக முளைத்ததற்குக் கட்டம் இல்லை. வாய்க்காலின் நீளத்துக்கும் இல்லை. கணக்குப் பார்க்க வந்தவர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கு முன்னால் இருந்தது அந்தத் தாள்தான். "நடாமல் எப்படி சார் வளர்ந்தது என்று எழுதுவது?" என்றார். அது உள்ளபடியே நல்ல கேள்வி. கடைசியில் "இதர பணிகள்" என்று ஒரு வரியில் வாய்க்காலை அடக்கினோம், ஏணி, கயிறு, குடிதண்ணீர் கேன் ஆகியவற்றோடு.

வாய்க்கால் இரண்டு மூன்று வருடத்தில் தூர்ந்துபோகும். கிளையின் வாயில் சேறு அடைத்தால் உள்ளே பழையபடி உப்பு ஏறத் தொடங்கும். மரம் பெரிதாகித் தரையை மூடும்வரை தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய வாய்க்காலைத் தூர்வாரப் பணம் கேட்டால் யாரும் தருவதில்லை. புதிதாக நட எவ்வளவு வேண்டுமானாலும் தருவார்கள். 2023-24 பட்ஜெட்டில் ஒன்றிய அரசு அலையாத்திக்கென்றே 'மிஷ்டி' என்று திட்டம் அறிவித்தபோது, பராமரிப்புக்கு எத்தனை வருடம் பணம் இருக்கும் என்றுதான் நான் முதலில் தேடினேன். தொழில் புத்தி.

சுனாமியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், என் சம்பளமே அதனால் வந்தது. பிச்சாவரத்தில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வு வந்ததும் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர்கள் மேட்டில் இருந்ததும் கடலிலிருந்து தள்ளி இருந்ததும்தான் பெரிய காரணம் என்று மறு ஆய்வும் வந்தது. எங்கள் கூட்டங்களில் முதல் ஆய்வை மட்டும்தான் சொல்வோம். மக்கள் நம்ப வேண்டுமே என்று. ஆனால் காட்டை வைத்திருக்க இறாலும் நண்டும் போதுமான காரணங்கள். அந்தப் பக்கத்து மக்களுக்கு அதை யாரும் சொல்லத் தேவையில்லை.

எங்கள் கைக்கு எட்டாததும் இருக்கிறது. பிச்சாவரத்தில் சுரபுன்னை, தில்லை மரங்களும் நிற்கின்றன. முத்துப்பேட்டையில் எங்கு திரும்பினாலும் வெண்கண்டல்தான், உப்பை அதிகம் தாங்குவது அதுதான் என்பதால். நல்ல தண்ணீர் குறையக் குறையக் காடு ஒரே இனமாகச் சுருங்குகிறது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் கடைமடை வயலுக்கே தண்ணீர் வருமா என்று வாய்க்கால் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் விவசாயியிடம், காட்டுக்கும் கொஞ்சம் விடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? நான் கேட்டதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்தது. பாதை சரியாகிப் படகு எடுக்கவே பல நாள் ஆனது. கோரையாற்றின் இரண்டு பக்கமும் பச்சையே இல்லை. இலை மொத்தமும் உதிர்ந்து, கிளைகள் முறிந்து, தீ வைத்தது மாதிரி பழுப்பாக நின்றது காடு. ஊரில் தென்னை முழுக்கச் சாய்ந்திருந்தது, வீடுகளில் ஓடு இல்லை, மின்சாரம் இல்லை. அந்த நேரத்தில் காட்டைப் பற்றி யாரிடமும் பேச வாய் வரவில்லை.

ஜனவரியில் எங்கள் பழைய வாய்க்கால்களைப் பார்க்கப் போனேன். பாதிக்குமேல் முறிந்த கிளையும் சேறுமாக அடைத்துக் கிடந்தன. மூன்றாவது கிளையின் வாய் மட்டும் சுத்தமாக இருந்தது. வெட்டி எடுத்த சேறு கரையில் ஈரத்தோடு குவிந்திருந்தது. உள்ளே பெரியவர் இடுப்பளவு தண்ணீரில் வலை கட்டிக்கொண்டிருந்தார். தென்னை பதினெட்டு போய்விட்டது என்றார், ஏதோ அடுத்த தெருச் செய்தி மாதிரி. இந்த வாயைத் திறந்தது அவர்தான். யாரும் சொல்லவில்லை, கூலியும் பேசவில்லை.

நிவாரண நிதியில் கொஞ்சம் கூலிப்பணம் இருந்தது. "அய்யா, ஒரு நாள் கூலின்னு எழுதிக்கிறேன், கையெழுத்துப் போடுங்க" என்று மஸ்டர் ரோலை, கூலிப் பதிவேட்டை, நீட்டினேன். அவர் ஈரக்கையை உயர்த்தித் தடுத்தார்.

"ஒரு நாளெல்லாம் எழுதாத தம்பி. முக்காவாசி நேரம் மீனுக்குத்தான் செஞ்சேன். கால் நாள் போட்டுக்க."

மஸ்டர் ரோலில் முழு நாள், அரை நாள் இரண்டுதான் உண்டு. அரை நாள் என்று எழுதி அவரிடம் கொடுத்தேன்.