ரியாக்ட் சற்றுக் காத்திருக்கட்டும்

இணையதள உருவாக்கம் கற்க வருபவர்கள் பலரும் முதலில் கேட்பது ரியாக்டா, ஆங்குலரா (இரண்டும் இணையப் பக்கங்களைக் கட்ட உதவும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) என்பதைத்தான். பக்கத்தின் உள்ளடக்கத்தைக் குறிகளால் அமைக்கும் எச்டிஎம்எல் என்றே நான் சொல்வேன். டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய அந்த மொழியில் ஒரு குறியை மூட மறந்தாலும், உலாவி தானே ஊகித்துப் பக்கத்தைக் காட்டிவிடும் என்பதால், புதியவருக்கு முதல் நாளிலேயே திரையில் ஏதேனும் தெரிகிறது. பக்கத்துக்கு இயக்கம் தரும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி அவ்வளவு இரக்கம் காட்டாது: ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் அந்தக் கோப்பு முழுவதுமே இயங்காது. இவ்விரண்டுக்கும் இடையில், பக்கத்தின் தோற்றத்தை வடிவமைக்கும் சிஎஸ்எஸ் வருகிறது (அது எளிது என்பவர்களை நான் நம்புவதில்லை). பக்கத்தின் கூறுகளை வரிசையாக அடுக்க அதில் உள்ள ஃபிளெக்ஸ்பாக்ஸ் முறைக்குப் பொறுமையாக நேரம் ஒதுக்க வேண்டும். 2013இல் வெளியான ரியாக்டும் அடிப்படையில் ஜாவாஸ்கிரிப்ட்தான் என்பதால், பொத்தானை அழுத்தினால் பட்டியல் விரியும்படி எந்த ஆயத்த நிரல் தொகுப்பின் துணையுமின்றி எழுதத் தெரிந்த பிறகு அதைத் தொட்டால் போதும்.