கோழிக்குக் கீரைப் பெட்டி: வலையைக் கூரையாகக் கட்டுங்கள்

பத்துக்குப் பதினைந்தடி கொல்லையில் நாலு கோழியை விட்டால், கொஞ்ச நாளிலேயே அங்கே புல் என்று ஒன்று மிஞ்சாது. கோழி மேய்வதோடு நிற்பதில்லை. காலால் பறித்து வேரோடு கிளறிவிடும். நம் மலேசியாவில் செபராங் பிறை பக்கத்துக் களிமண் என்றால் அடுத்த மழைக்கே கொல்லை சேறாகிவிடும். இதற்குத்தான் கீரைப் பெட்டி. பலகையால் அடியில்லாத ஒரு சட்டம், உள்ளே கீரை அல்லது புல், மேலே கம்பி வலை. வலையைத் தாண்டி வரும் இலையைக் கோழி கொத்தித் தின்னும். வேரும் அடித்தண்டும் வலைக்குள்ளேயே இருப்பதால் செடி மறுபடி தழைக்கும்.

பசாரில் கங்கோங் கீரைக் கட்டு வாங்கித் தூக்கிப் போட்டால் போதாதா? போடலாம், ஆனால் கோழிக்குப் பல் கிடையாது. தரையில் கிடக்கும் இலையைப் பிடித்துக் கிழிக்க அதற்குப் பிடிமானம் வேண்டும். பிடிமானம் இல்லாவிட்டால் நீளத் தண்டை அப்படியே விழுங்கும். நார் திரண்டு இரைப்பையை அடைத்துக்கொள்ளும். புல்வெட்டி விட்ட நீளப் புல்லிலும் இதே ஆபத்து உண்டு. வேரூன்றிய செடியில் இலை இழுத்த இழுப்பில் சிறு துண்டாகக் கிழிந்து வரும். பெட்டி கட்ட இது ஒன்றே போதுமான காரணம்.

வெளிநாட்டுப் படங்களில் பார்க்கும் பெட்டிகள் பலவற்றில் வலை மேலே தட்டையாக ஆணியடித்திருக்கும். கோழி அதன்மேல் ஏறி நின்று கொத்தும். குளிர்ந்த, காய்ந்த ஊருக்கு அது சரிப்படலாம். பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கோழி நிற்கிற இடத்திலேயே எச்சமிடும். எச்சம் வலைக்கண் வழியாக நேரே கீரைமேல் விழும். கோழிக்கு இரத்தக் கழிச்சல் வரவைக்கும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வருகின்றன. சூடும் ஈரமும் சேர்ந்தால் ஒன்றிரண்டு நாளில் அவை நோய் பரப்பும் நிலைக்கு வந்துவிடும். நம் ஊரில் சூட்டுக்கும் ஈரத்துக்கும் என்றைக்குப் பஞ்சம்? அந்த இலையைத்தான் மறுநாள் கோழி தின்கிறது. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளை இந்த நோய் அதிகம் தாக்கும்.

அதனால் வலையைக் கூரை போல இருபுறமும் சரித்துக் கட்டுங்கள். கோழியால் அதன்மேல் வசதியாக நிற்க முடியாது. பெரும்பாலும் பக்கத்தில் தரையில் நின்றுதான் கொத்தும். எச்சம் பெட்டிக்கு வெளியே விழும்.

அளவும் கைக்கு அடக்கமாகவே வரும். ஒரு அங்குலத் தடிமன், ஆறு அங்குல அகலப் பலகை பன்னிரண்டடி ஒன்று வாங்கி, நாலடியில் இரண்டு, இரண்டடியில் இரண்டு என்று அறுத்தால் ஒரு பெட்டிக்குச் சரி. மூலைக்கு மூன்று ஸ்குரு போடுங்கள். ஆணி ஈரத்தில் தளர்ந்துவிடும். மெராந்தி மலிவு, ஆனால் ஈர மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால் சீக்கிரம் இற்றுப்போகும், கரையானும் விடாது. பாலாவ் கிடைத்தால் நல்லது. பழைய பேலட் பலகை என்றால் முத்திரையைப் பாருங்கள்: 'HT' என்றிருந்தால் வெறும் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம், 'MB' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். பச்சை நிறம் பாய்ந்த மருந்தடித்த மரமும், பெயின்ட் உரியும் பழைய கதவுப் பலகையும் கோழிக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. மரமே வேண்டாம் என்பவர்கள் சிமெண்டுக் கல்லை அடுக்கி அதே அளவில் கட்டிக்கொள்ளலாம்.

வலைக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டட் மெஷ்தான் சரி, கம்பி ஒரு மில்லிமீட்டர் தடிமனாவது இருக்கட்டும். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை தொய்ந்து மண்ணைத் தொட்டுவிடும். பிறகு பெட்டி இருந்தும் பயனில்லை. ஹார்ட்வேர் கடையில் மூன்றடி அகலச் சுருளில் ஆறடி வெட்டித் தரச் சொல்லுங்கள். நாலடித் துண்டை நடுவில் நீளவாக்கில் மடித்தால் ஒவ்வொரு சரிவும் ஒன்றரை அடி. இரண்டடி அகலப் பெட்டிமேல் வைத்தால் உச்சி பலகையிலிருந்து ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் உயரம் நிற்கும், சரிவு 45 பாகைக்குச் சற்றுக் கூடுதலாக வரும். கோழி வசதியாக நிற்க முடியாத சரிவு அது. மிச்ச இரண்டடியில் இரு முனைகளையும் அடைக்க முக்கோணம் இரண்டு வெட்டலாம். முனையைத் திறந்து விட்டுவிடாதீர்கள். கோழி உள்ளே புகுந்து ஒரு மத்தியானத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடும்.

கூரை உச்சியில் மூங்கிலோ குழாயோ வைக்காதீர்கள். வைத்தால் அது கோழிக்கு உட்காரும் கொம்பாகிவிடும், எச்சப் பிரச்சினை மறுபடி ஆரம்பம். மடித்த வலையின் கூர்மையே உச்சியாக இருக்கட்டும். நடுவில் தொய்யாமல் இருக்க உள்ளிருந்து ஒரு குச்சியை நட்டு முட்டுக்கொடுத்தால் போதும். ஒரு அங்குலத்துக்கு இரண்டு அங்குல மரச்சட்டத்தில் வலையை யூ ஆணியால் அடித்து, ஒரு பக்கம் கீல் போட்டுவிட்டால் விதைக்கவும் களை எடுக்கவும் கூரையைத் தூக்கலாம். வெட்டிய கம்பி முனைகளை உள்பக்கம் மடக்கிவிடுங்கள். புதுக் கால்வனைஸ் கம்பியில் துத்தநாகப் பொருக்கு ஒட்டியிருக்கும். வினிகர் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிய பிறகு மாட்டுங்கள்.

மண்ணைப் பலகை விளிம்பு வரை நிரப்பக்கூடாது. விளிம்புக்குக் கீழே ஐந்தாறு சென்டிமீட்டர் காலியாக இருந்தால்தான் ஓரத்துச் செடிக்கு அடித்தண்டு மிஞ்சும், மறுதழைவு வரும். அப்படிப் பார்த்தால் ஒரு பெட்டிக்கு சுமார் 65 லிட்டர் கலவை வேண்டும்: மேல்மண் மூன்று பங்கு, மட்கிய உரம் இரண்டு, ஆற்றுமணல் ஒன்று. கீழே உள்ள தரையையும் ஒரு சாண் ஆழம் கொத்திவிடுங்கள், இல்லாவிட்டால் களிமண்மேல் தண்ணீர் தேங்கி நாற்று அழுகும். பச்சைக் கோழி எருவைக் கலக்காதீர்கள், வேரைச் சுட்டுவிடும். யூரியாவும் வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் தண்டுக்கீரை போன்றவை நைட்ரேட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

என்ன விதைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கோதுமைப் புல் நம் வெக்கையில் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். கேழ்வரகும் கம்பும் இந்தச் சூட்டுக்கே பிறந்தவை. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ மளிகைக் கடையில் முழுத் தானியமாகக் கிடைக்கும். வாங்கியதும் இருபது மணியை ஈரத் துணியில் முளைகட்டிப் பாருங்கள். பாதிக்குமேல் முளைக்காவிட்டால் அந்தப் பொட்டலம் சமையலுக்கு. ஒரு பெட்டிக்கு கேழ்வரகு என்றால் ஒரு மேசைக்கரண்டி, கம்பு என்றால் இரண்டு. எறும்பு விதையைத் தூக்கிப் போவது இங்கே பெரிய தொல்லை. இரவு ஊறவைத்து, முளை எட்டிப்பார்த்ததும் தூவி, மேலே மெல்லிய மண் போர்த்தினால் எறும்புக்குக் கிடைப்பது குறையும்.

கங்கோங் விதையையும் ஓர் இரவு ஊறவைத்து, பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசை போட்டு, வரிசையில் மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஊன்றுங்கள். ஒரு பெட்டிக்கு ஏறக்குறைய 240 விதை. மூன்று நான்கு வாரத்தில் மேய விடலாம். கணு மிஞ்சியிருந்தால் திரும்பத் திரும்பத் தழைக்கும். கூரை வடிவத்துக்கு இதைவிடப் பொருத்தமான செடி இல்லை, ஏனென்றால் நடுப்பகுதியிலும் உயர்ந்து வலையைத் தொடும். பாசிப்பயறு வேகமாக வரும், ஆனால் கீழ்க்கணுவுக்கு அடியில் கடிபட்டால் அதோடு முடிந்தது. நிரந்தரமாக வேண்டுமென்றால் சாலையோரத்தில் மஞ்சள் பூவோடு படர்ந்திருக்குமே, அந்தப் பிண்டோய் கடலைக் கொடியை வெட்டி நடலாம். பயறு வகை என்பதால் புரதம் உண்டு, நிழலும் தாங்கும். படர்ந்து மூட இரண்டு மூன்று மாதமாகும். அதுவரை கோழியைக் காட்டாதீர்கள். மேயும்போது தாழ்ந்துதான் படரும் என்பதால் இதற்குத் தாழ்வான ஓரமே இடம்.

மரவள்ளி இலையும், சோளத்தின் (மக்காச்சோளம் அல்ல, வெள்ளைச்சோளம்) இளம்பயிரும் கூடாது. இரண்டிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. இளஞ்சோளம் மேய்ந்து மாடு செத்த கதையைத் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். கோழிக்கும் அது நஞ்சுதான். தண்டுக்கீரை போடலாம், ஆனால் அதில் ஆக்சலேட் அதிகம், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். முட்டையிடும் கோழிக்கு அதை மட்டுமே கொடுத்தால் ஓடு மெலியும். கங்கோங், கேழ்வரகோடு கலந்து விதையுங்கள்.

நாலு கோழிக்கு ஐந்து பெட்டி வேண்டும். ஒரு பெட்டி மூன்று நாலு நாள் திறந்திருக்கும். மற்ற நான்கும் பழைய நிழல்வலை சுற்றித் தழைத்துக்கொண்டிருக்கும். இலை முழுதும் போகும்வரை விட்டுவைக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு பச்சை இருக்கும்போதே மூடினால் பத்துப் பதினான்கு நாளில் திரும்பி வரும். காலையில் தீனி தின்று முடித்து, மத்தியானத்துக்கு மேல் திறந்து விடுவதே நல்ல முறை. கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். முட்டைக்கோழிக்கு நாளுக்கு 100 முதல் 120 கிராம் தீனி, அதில் 16 சதவீதத்துக்குக் குறையாத புரதம் வேண்டும். இலையால் இரைப்பையை நிரப்பிவிட்டால் முட்டை குறையும். கீரை தருவது மஞ்சள்கருவின் நிறத்தையும் கோழிக்குப் பொழுதுபோக ஒரு வேலையையும். தீனிச் செலவு பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூடவே கரடுமுரடான மணல் ஒரு கிண்ணத்தில் இருக்கட்டும்; இலையை அரைக்க அது தேவை.

நத்தை வரும், மழைக்காலத்தில் கண்டிப்பாக வரும். நீல நிற நத்தை மருந்து கோழிக்கும் நஞ்சு. இரவில் டார்ச் அடித்துக் கையுறையோடு பொறுக்குவதே வழி. பெட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள்: தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும், 1975ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தில் அதற்கு அபராதமும் உண்டு. தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருப்பவர்கள், கோழி வளர்க்க அனுமதி உண்டா என்று உங்கள் மாநகர் மன்றத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கில் மழை குறையும்போது காலை மாலை இருவேளையும் தண்ணீர் வேண்டும். ஒரு பெட்டி மறுபடி தழைக்கத் திணறினால் வேரைப் பிடுங்கி, மண்ணைக் கிளறி ஒரு வாரம் வெயிலில் காயவிட்டு, ஒரு வாளி மட்கிய உரம் சேர்த்து, கங்கோங் இருந்த இடத்தில் கம்பும் கம்பு இருந்த இடத்தில் கங்கோங்குமாக மாற்றி விதையுங்கள்.