மழைமானியும் அம்மப்பாவும்

மட்டக்களப்பில் பிள்ளைகளுக்குக் காலநிலை மாற்றத்தைப் படிப்பிக்கத் தொடங்கினால் முதலில் குறுக்கே வருவது சுனாமி. "காலநிலை மாறியதால் எங்கள் ஊரில் என்ன நடந்தது?" என்று கேட்டுப்பாருங்கள், முதல் கை சுனாமிக்குத்தான் உயரும். இப்போது வகுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் வீட்டுக்கு வீடு அந்தக் கதை இருக்கிறது. அது சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் வந்த நிலநடுக்கத்தால் எழுந்தது, புகைக்கும் வெப்பத்துக்கும் அதில் பங்கில்லை என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். எழுதிக்கொள்வார்கள். பரீட்சையில் திரும்பவும் சுனாமி என்றே எழுதுவார்கள்.

ஆகவே வாகரைப் பக்கம் நான் புவியியல் படிப்பிக்கும் பாடசாலையில் கயிறு கட்டுகிறோம். யன்னலுக்கு யன்னல் ஒரு நைலோன் கயிறு. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வந்த ஆண்டுகளைத் துண்டுத் தாளில் எழுதி, உடுப்புக் கிளிப்பால் மாட்ட வேண்டும். 1957 வெள்ளம், 1978 நவம்பர் சூறாவளி, சுனாமி, 2011 தொடக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த வெள்ளங்கள். இடையில் "மாமாவின் தோணி போன வருசம்", "கிணறு வற்றின வருசம்" என்றும் தொங்கும். பிறகு நிறம் தீட்ட வேண்டும்: நிலத்துக்கு அடியிலிருந்து வந்தது ஒரு நிறம், ஒரு பருவத்தில் வானம் செய்த குழப்பம் இன்னொரு நிறம், பல ஆண்டுகளாக மெல்ல மாறிவருவது மூன்றாவது நிறம்.

மூன்றாவது நிறம் கயிற்றில் அநேகமாக இராது. எனக்கு வேண்டியதும் அதுதான். அப்போதுதான் யாராவது ஒரு பிள்ளை எழும்பும்: "எழுபத்தெட்டுலயே இவ்வளவு பெரிய சூறாவளி வந்திருக்கு. அப்ப இப்ப என்னதான் சேர் மாறியிருக்கு?"

அந்தக் கேள்வி வந்தால் பாடம் பாதி முடிந்த மாதிரி. ஒரு சூறாவளியை வைத்து மாறிவிட்டது என்றும் சொல்ல முடியாது, மாறவில்லை என்றும் சொல்ல முடியாது. 30 ஆண்டுச் சராசரியாவது கையில் இருந்தால்தான் காலநிலை என்று கதைக்கலாம். சுவரில் ஒட்டியிருக்கும் துருவக்கரடிப் படத்துக்கு முன்னால் நின்று இதைச் சொன்னால் ஒருவர் மண்டையிலும் ஏறாது. (கரடியோடு எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. ஆனால் வாகரைப் பிள்ளைக்கு அது யாரோ ஒருவருடைய வீட்டுப் பிரச்சினை.)

சரி, அளக்காமல் சராசரி எங்கிருந்து வரும்? ஒரு போத்தலின் மேற்பக்கத்தை வெட்டிக் கவிழ்த்து வைத்தால் மழைமானி தயார். அடிப்பக்கம் நெளிவாக இருக்கும், அங்கே கூழாங்கல்லும் கொஞ்சத் தண்ணீரும் போட்டு, நீர் மட்டம் நேராகும் இடத்தைப் பூச்சியமாகக் குறிக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் எல்லா அளவும் பிழைத்துவிடும். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர். அந்தக் கணக்கில் ஒரு ஏக்கர் வயலில் 25 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறக்குறைய 1 இலட்சம் லீற்றர். வெயில் காலத்தில் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை நான் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. எத்தனை பவுசர் என்று அவர்களாகவே வகுத்துப் பார்ப்பார்கள்.

இந்த மழைமானிக்குப் பக்கத்தில்தான் அம்மப்பாக்கள், அதாவது அம்மாவின் அப்பாக்கள், சொல்லும் மழைக் குறிகளை வைத்தோம். எறும்பு முட்டை காவினால் மழை, தும்பி தாழப் பறந்தால் மழை, நிலவைச் சுற்றி வட்டம் போட்டால் மழை. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் கேட்டுக் கொண்டுவந்த குறிக்கு அட்டவணையில் ஒரு பத்தி. குறி கண்ட நாள், அடுத்த நாள் மழைமானி காட்டிய அளவு, அவ்வளவுதான். கனடாவின் மிக்மாக் பழங்குடி மூத்தவர் அல்பர்ட் மார்ஷல் 'இரு கண் பார்வை' என்று ஒன்றைச் சொல்கிறார்: பழங்குடி அறிவின் பலத்தை ஒரு கண்ணாலும், மேற்கத்திய அறிவின் பலத்தை மற்றக் கண்ணாலும் பார்த்து இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது. பயிற்சிப் பட்டறைகளில் இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வகுப்பில் நடப்பது வேறு. ஒன்றில் தாத்தா சொன்னது மூடநம்பிக்கை, இல்லாவிட்டால் தாத்தா சொன்னதெல்லாம் தெய்வவாக்கு. இரண்டிலும் தாத்தாவிடம் யாரும் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை.

எங்கள் அட்டவணையில் நிலவு வட்டம் மோசமாகத் தோற்றது. அதைக் கொண்டுவந்த பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. வீட்டுக்குப் போய் அம்மப்பாவிடம் சண்டை பிடித்திருக்கிறாள். அவர் சொன்ன பதிலை அடுத்த நாள் அப்படியே ஒப்புவித்தாள்: "நான் சொன்னது வாடை திரும்பினதுக்குப் பிறகு மனே. கச்சான் அடிக்கக்குள்ள பார்த்தா என்னத்தத் தெரியும்?" வாடை மழைக்காலத்து வடகீழ்க் காற்று, கச்சான் தென்மேற்குக் காற்று. அன்றைக்கே அட்டவணையில் காற்றுத் திசைக்கு ஒரு பத்தி ஏறியது. அந்த மனிதருக்கு இதைவிடப் பெரிய மரியாதையை வகுப்பறையில் கொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மீன் விளையாட்டைப் பற்றியும் கொஞ்சம். தட்டில் கச்சான் கடலை பெரிய மீன், கௌபி இடைத்தரம், பயறு குஞ்சு. ஒரு குழுவுக்குக் கம்பிவலைத் துண்டு, இன்னொரு குழுவுக்கு மா அரிக்கும் அரிதட்டு. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மிஞ்சிய ஒவ்வொரு கச்சானுக்கும் பத்துப் பயறு போடுவோம். அரிதட்டுக் குழு முதல் சுற்றில் அள்ளிக்கொண்டு ஆர்ப்பரிக்கும், இரண்டாம் சுற்றில் தட்டு வெறுமையாக இருக்கும். சிரிப்புக்கு நடுவில் ஒரு பையன், "எங்கட அப்பாட வலையும் சின்னக் கண்தான்" என்றான். இங்கேதான் ஆசிரியர் வாயைக் கவனிக்க வேண்டும். சின்னக் கண் வலையை விற்பவர் யார், பெரிய வலைக்கும் பெரிய வள்ளத்துக்கும் காசு எங்கே என்று கேள்வியைத் திருப்பாவிட்டால், நிலைபேறான அபிவிருத்தி என்ற பெயரில் ஒரு தகப்பனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதாகிவிடும்.

இதே கவனம் இலங்கையின் ஆதிவாசிகளான வேடர் விடயத்தில் இன்னும் அதிகமாக வேண்டும். ஆதிவாசி என்றதும் பிள்ளைகளுக்கு நினைவு வருவது தம்பானை என்ற வேடர் ஊர், தோளில் கோடரி. வாகரைப் பக்கம் குஞ்சான்குளம் போன்ற ஊர்களில் கரையோர வேடர் குடும்பங்கள் இருக்கின்றன. பேச்சு தமிழ், தொழில் மீனும், காடு வெட்டிச் செய்யும் சேனைப் பயிரும், தேனும், கூலியும். அந்தப் பிள்ளைகள் அதே வெள்ளைச் சீருடையில் அதே வாங்கில் இருக்கிறார்கள். விளையாட்டுத் திடலில் 'வேடன்' என்பது ஏச்சு. ஒருமுறை வெளியிலிருந்து வந்த வளவாளர் ஒருவர், நல்ல மனதோடுதான், "இங்கே வேடர் பிள்ளைகள் யார்? எழும்புங்கோ, உங்கட அறிவை எல்லோருக்கும் சொல்லுங்கோ" என்றார். ஒருவரும் எழும்பவில்லை. அவர் அதைக் கூச்சம் என்று அறிக்கையில் எழுதிக்கொண்டு போனார்.

எங்கள் வகுப்பில் யார் என்ன குடி என்ற கேள்வியே கிடையாது. "உங்கள் ஊரில் தேன் தெரிந்தவர் யார்? களப்பு தெரிந்தவர் யார்?" என்று எல்லோரிடமும் பொதுவாகக் கேட்போம். அப்படித்தான் ஒரு தேன்காரர் வந்தார். பாலை மரம் பூப்பது பிந்தினால் தேனும் பிந்தும் என்றார், தேன் வதையில் குஞ்சு இருக்கும் பகுதியை விட்டுவர வேண்டும் என்றார். சடங்கில் என்ன பாடுவீர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, "அது இங்க சொல்றதில்ல" என்று முடித்துவிட்டார். சொல்லாமல் இருப்பது அவருடைய உரிமை என்று நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். தான் தேனெடுத்த காட்டில் இப்போது எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள், உள்ளே போனால் வழக்கு என்றும் சொன்னார். அடுத்த பாடவேளை முழுக்க அந்தக் கல்லைப் பற்றிய விவாதத்திலேயே போனது. காட்டுக்குக் காவல் வேண்டும் என்று ஒரு பக்கம், கல் வருவதற்கு முதல் காவல் இருந்தது யார் என்று மறுபக்கம். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. எனக்கே இரண்டு பக்கமும் சரியாகத்தான் பட்டது.

பாடக்குறிப்பில் இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதினீர்கள் என்று ஆசிரிய ஆலோசகர் கேட்டார். 'மழைவீழ்ச்சி' என்று காட்டினேன், கையொப்பம் வைத்தார். தேன்காரர் பாலை பூக்கும்போது திரும்பவும் வருகிறேன் என்றிருக்கிறார். அது தவணைப் பரீட்சையோடு மோதாமல் இருக்க வேண்டும். மோதினால் எதைத் தள்ளிப்போடலாம் என்று அதிபரிடம் இப்போதே கதைத்து வைத்திருக்கிறேன்.