மைஹர்: துப்பாக்கிக் குழலில் பிறந்த இசை

சென்னையிலிருந்து காசிக்கு ரயிலேறும் நம்மவர்கள் மத்தியப் பிரதேசத்தில் கட்னிக்கும் சத்னாவுக்கும் இடையே வரும் மைஹர் நிலையத்தைத் தூக்கத்திலேயே கடந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இந்துஸ்தானி இசை மேதை உஸ்தாத் அலாவுதீன் கான், எல்லோருக்கும் பாபா, அரை நூற்றாண்டுக்கும் மேல் வாழ்ந்து, அலி அக்பர் கான், அன்னபூர்ணா தேவி, ரவிசங்கர், நிகில் பானர்ஜி ஆகிய இசைக் கலைஞர்களை உருவாக்கிய ஊர் இது.

நிலைய வாசலில் முதல் எரிச்சல் காத்திருந்தது. குன்றின் மேலுள்ள சாரதா தேவி கோயில் என்றால் ஷேர் ஆட்டோவில் 20 ரூபாய். உஸ்தாதின் வீடு என்றதும் ஓர் ஓட்டுநர், தனி வண்டிதான் வரும் என்று 300 ரூபாய் கேட்டார். பேரம் பேசியும் இறங்கவில்லை. சிறிய ஊரில் இது பகல் கொள்ளை. பக்கத்துத் தள்ளுவண்டியில் சூடான போஹா என்னும் அவல் உப்புமாவையும் அதன்மேல் தூவிய ஓமப்பொடியையும், கூடவே இரண்டு ஜிலேபியையும் தின்றுகொண்டே விசாரித்ததில், வேறொருவர் 60 ரூபாய்க்கு அழைத்துச் சென்றார். அந்தக் காலை உணவுக்காகவே இன்னொரு முறை அங்கே இறங்கலாம்.

பாபா தம் மனைவியின் பெயரால் மதீனா பவன் என்று அழைத்த வீட்டின் முன் நின்றபோது, பயணச் செலவைப் பற்றிய கணக்கெல்லாம் மறந்துபோயிற்று. இன்று வங்கதேசத்தில் உள்ள சிப்பூரில் பிறந்து, இசைக்காகச் சிறுவயதிலேயே வீட்டை விட்டு ஓடி, ராம்பூரில் தான்சேன் மரபினரான வஜீர் கானிடம் பாடம் கேட்பதற்காகப் பல இன்னல்களைத் தாங்கியவர், மன்னர் பிரஜ்நாத் சிங்கின் அரசவைக் கலைஞராக இங்கு வந்து சேர்ந்தார். 1938இல் ரவிசங்கர் நடன மேடையின் பகட்டை உதறிவிட்டு வந்ததும் இவரைத் தேடித்தான். 1972இல் மறையும் வரை பாபாவுக்கு இதுவே ஊர். இஸ்லாமியரான அவர் சாரதா தேவியிடம் கொண்டிருந்த பக்தியை இங்கே எவரும் வியப்பாகச் சொல்வதில்லை. குன்றின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைப் போல அதுவும் ஊரின் இயல்பாகிவிட்டது. நான் ரோப்வே கட்டணத்தை மிச்சப்படுத்திப் படியேறினேன்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை, புகழ்பெற்ற சீடர்களைவிடப் பெரிய சாதனை மைஹர் வாத்திய பிருந்தா என்ற வாத்தியக் குழு. கொள்ளைநோயில் பெற்றோரை இழந்த சிறுவர் சிறுமியரைச் சேர்த்து, சித்தார், வயலின், வில்லால் வாசிக்கும் எஸ்ராஜ், செல்லோ, ஹார்மோனியம், தபலா எனப் பயிற்றுவித்து, 1918ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாபா இதை அமைத்தார். பழைய துப்பாக்கிகளின் குழல்களை அறுத்து அவர் செய்த நள் தரங் என்ற வாத்தியத்தைக் கேட்பதற்காகவே பிப்ரவரி மாத இசைவிழாவின்போது வந்திருந்தேன். நீளத்திலிருந்து குட்டைக்கு வரிசையாகக் கிடத்தப்பட்ட இரும்புக் குழல்களை இரு கைக் குச்சிகளாலும் தட்டுகிறார்கள். ஜலதரங்கத்தைவிடக் கூர்மையாக எழும் அந்த ஒலி, தந்தி வாத்தியங்கள் அத்தனையும் சேர்ந்து முழங்கும்போதும் அமுங்காமல் தனியே கேட்கிறது. கச்சேரிக்கு என்னிடம் யாரும் கட்டணம் கேட்கவில்லை. குடும்பச் சொத்தாகப் பூட்டி வைக்கப்பட்டிருந்த கலையை ஆதரவற்ற பிள்ளைகளின் கையில் கொடுத்த மனிதரை, நம் இசை ரசிகர்கள் ரவிசங்கரின் குரு என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடுவது பெரும் அநியாயம்.

தங்குவதற்கு மட்டும் எச்சரிக்கை தேவை. கோயிலை ஒட்டிய விடுதியொன்றில் வெந்நீர்கூட இல்லாத அறைக்கு 1,800 ரூபாய் வாங்கினார்கள். நவராத்திரி நாட்களில் கூட்டம் மிகுந்திருக்கும் என்பதால் இசைக்காக வருபவர்கள் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்து, சத்னாவில் அறை எடுத்துக்கொண்டு ரயிலில் வந்து போவது நல்லது.