எடுத்தால் திரும்ப வைக்க முடியுமா

"எடுத்தா திரும்ப வைக்க முடியுமா தம்பி?"

பின்கட்டு அறைச் சாமானையெல்லாம் வெளியே எடுக்கணும் என்றதும் மாமா கேட்டது இவ்வளவுதான். "ஒண்ணுகூடக் குறையாம வச்சுத் தர்றேன் மாமா" என்றேன். இடுப்பு பெல்ட்டிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கீழக்கரையில் அவருடைய பழைய வீட்டைப் பழுதுபார்க்கும் வேலையை முடித்துக் கணக்குத் தீர்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் வண்டியில் போகும்போதும் தூக்கம் வராத இரவிலும் அந்தக் கேள்விக்கு வேறு வேறு பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் எண்ணிக்கையைப் பற்றிய கேள்வியாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய மாதம்தான் அடுப்படிச் சுவரைப் பிரித்திருந்தோம். அந்த வீட்டுச் சுவரெல்லாம் பவளப்பாறைக் கல். அந்தக் காலத்தில் மன்னார் வளைகுடாவிலிருந்து வெட்டி எடுத்துக் கட்டியது. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டது, இனிப் புதுக்கல்லுக்கு வழியே இல்லை. அதனால் ஒவ்வொரு கல்லிலும் சாக்பீஸால் எண் போட்டு இறக்கி, அதே வரிசையில் திரும்ப ஏற்றினேன். மாமா திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கல்லைத் திரும்ப வைத்தவன் இதையும் வைப்பானா என்று கேட்கிறார் என்றே நினைத்தேன்.

அந்த அறையில் இருந்தது கார் சாமான். முப்பது வருடம் உதிரிபாகக் கடை நடத்தியவர், கடையை மூடியபோது விற்காததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து பின்கட்டு அறையில் அடுக்கிவிட்டார். அம்பாசடர், பியட் இருந்தாலும் அவர் உயிர் ஸ்டாண்டர்ட் ஹெரால்டில்தான். அம்பாசடர் 2014 வரை வந்தது, தேடினால் எங்காவது சாமான் கிடைத்துவிடும். ஹெரால்டை மெட்ராஸில் 1961இல் செய்யத் தொடங்கி, எழுபதுகளின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். பிரேக்கில் வரும் ஒரு வீல் சிலிண்டருக்காகக் கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்த ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். அதைக் கையில் வாங்கியபோது அவர் முகம் இருந்த விதத்தைப் பார்த்துத்தான் எனக்கு அந்த அறைமேல் ஆசை வந்தது.

வேலை முடிந்த சாயங்காலங்களில் மாமாவோடு உட்கார்ந்து பட்டியல் எழுத ஆரம்பித்தேன். இது என் ஒப்பந்தத்தில் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒவ்வொரு சாமானும் கிரீஸ் தடவி, மெழுகுத்தாளில் சுற்றி, பனை ஓலைப் பெட்டியில் இருந்தது. ஹெரால்டும் அம்பாசடரும் அங்குலக் கணக்கு, பியட் மில்லிமீட்டர், கலந்துவிடாதே என்பார். முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியன் என்ற பித்தளைத் துண்டைக் காட்டி, "இதுக்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான். கிரீஸ் அடிச்சா உள்ள மரை காஞ்சு துருப்பிடிக்கும், ஒருநாள் ஓடுற வண்டியில சக்கரம் மடங்கிரும்" என்றார். எதற்கு எதைப் பூச வேண்டும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். நான் என்ன செய்தேன் என்றால், மேலே பொறித்த எண் தெரியவில்லை என்று ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெய்த் துணியால் பளிச்சென்று துடைத்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு தடவை "போதும் தம்பி, படிக்கிற அளவுக்குத் துடைங்க" என்றார். கை வலிக்கும் என்று சொல்கிறாராக்கும் என்று நினைத்து இன்னும் நன்றாகத் துடைத்தேன்.

அறையைக் காலி பண்ணச் சொன்னதற்கு வருவோம். கூரை மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டைகள்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்டது. இரண்டு தேக்குக் கட்டைகளின் முனை சுவருக்குள் கரையான் அரித்து மாவாகியிருந்தது. செப்டம்பர் கடைசி. எங்கள் பக்கம் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான், அதற்குமுன் கட்டையை மாற்றி மேலே தளம் போட்டாக வேண்டும். இதை எந்தப் பொறியாளரிடம் கேட்டாலும் நான் செய்தது சரி என்பார். அந்தக் கட்டை விழுந்திருந்தால் சாமானோடு மனுஷனும் போயிருப்பார்.

ஆனால் முட்டுக் கொடுத்திருக்கலாம். அடியில் நாலு சவுக்குக் கம்பு நிறுத்தி, மேலே தார்ப்பாய் போட்டுவிட்டு, தையில் திறந்திருக்கலாம். இதை இப்போது நினைத்துச் சொல்லவில்லை. அன்றைக்கே என் மேஸ்திரி சொன்னார். அடுத்த வேலை மண்டபம் ஊரில் காத்திருந்தது, நான் காதில் வாங்கவில்லை.

சாமானை வைக்க என்று புதிதாகக் கட்டிய பக்கவாட்டு அறையைக் கொடுத்தேன். சிமெண்ட் பூச்சு, கான்கிரீட் தளம், இறுக்கமாக மூடும் அலுமினியச் சன்னல். பூசி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஓலைப் பெட்டிகள் அழுக்காக இருக்கின்றன என்று மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கினேன், என் சொந்தக் காசில். ஒவ்வொரு டப்பா மேலும் எண், உள்ளே என்ன என்ற சீட்டு. மொத்தம் 412 சாமான். அன்று இரவு வீட்டுக்குப் போனபோது நல்ல காரியம் ஒன்று செய்த நிறைவு இருந்தது. அதை இப்போது மறைக்க விரும்பவில்லை.

தை பிறந்து இரண்டாவது வாரம் திறந்தோம். முதல் டப்பாவின் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். பிஸ்டன் ரிங்குகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. பேரிங் சுற்றவில்லை. சில துண்டுகளில் துரு விரல் ரேகை வடிவத்திலேயே இருந்தது, என் விரல்தான். பித்தளை லேசாகப் பச்சை பூத்ததோடு தப்பியது, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரும்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. எண்ணிப் பார்த்தேன். 412. ஒன்றுகூடக் குறையவில்லை.

எது காரணம் என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. கிரீஸைத் துடைத்ததா, வெறுங்கை வியர்வையா, ஈரம் காயாத சிமெண்ட் அறையா, காற்றுப் போகாத டப்பாவா? கடலோரத்தில் எல்லாவற்றிலும் உப்புப் படிகிறது. காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த உப்பே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. அந்த வீட்டில் முன்பு யாரோ பூசிய சிமெண்டை நான்தான் கொத்தி எடுக்கச் சொன்னேன். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உப்பு உள்ளே பூத்துக் கல்லை உதிர்த்துவிடும் என்று சொல்லி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்புக் கலவை குழைத்துப் பூசினேன். சுவர் மூச்சு விடணும், சுவர் மூச்சு விடணும் என்று கொத்தனாரிடம் நாளுக்குப் பத்துத் தடவை சொன்ன வாய் இது. இரண்டடி கனச் சுண்ணாம்புச் சுவர், கூரையை ஒட்டி நாலு காற்றுத் துவாரம், ஓலைப் பெட்டி, மெழுகுத்தாள் என்று அந்த அறையே சாமானுக்குப் போர்த்திய போர்வையாக இத்தனை வருடம் இருந்திருக்கிறது. சுவருக்குத் தெரிந்த நியாயம் இரும்புக்கு ஏன் எனக்குத் தோன்றவில்லை?

இன்னொரு பக்கமும் உண்டு. துடைக்குமுன் எடுத்த படங்கள் கொஞ்சம் என் போனில் இருக்கின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் சிலவற்றில் அப்போதே பழுப்புப் புள்ளிகள். கிரீஸ் காய்ந்து தோலாக உரிந்திருக்கிறது. அப்படியே விட்டிருந்தாலும் இன்னும் பத்து வருடம் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான். இப்படி நினைத்தால் மனசு கொஞ்சம் லேசாகும். அந்தப் படங்களில் பெரும்பாலானவை சுத்தமாக, ஒரு பொட்டுக்கூட இல்லாமல் இருக்கின்றன என்பதும் தெரியும்.

அன்று சாயங்காலமே துபாயிலிருந்து மகன் பேசினார். மாமா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். சாமான் எப்படி இருக்கு என்று அவர் கேட்க, "கடல் ஓரம்ல வாப்பா, இரும்பு அப்படித்தான் இருக்கும். இந்த வருஷம் மழையும் கூட" என்றார் மாமா. பக்கத்தில்தான் நின்றேன். இல்லை, நான்தான் காரணம் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. அவர் என்னைக் காப்பாற்றினாரா, மகனைக் கவலைப்படாமல் பார்த்துக்கொண்டாரா, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாரா? அடுத்த வாரம் பாக்கிப் பணம் முழுதாக வந்தது. வாங்கிக்கொண்டேன். வேலை என்ற அளவில் கூரையும் சுவரும் நன்றாகவே நிற்கின்றன, அதற்கான கூலிதான் அது. இதையும் பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று.

இப்போதெல்லாம் வீட்டுக்காரர் எதைக் கேட்டாலும், என்ன அர்த்தத்தில் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். சிலருக்கு அது எரிச்சலாக இருக்கிறது. கேட்க வேண்டிய ஒருவரிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை.

அறை தயாரானதும் மாசியில் சாமானைத் திரும்ப அடுக்கினோம். பிளாஸ்டிக் டப்பாக்களை மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை, ஓலைப் பெட்டிகளை வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாகக் கிரீஸ் தடவி மெழுகுத்தாளில் சுற்றி அவர் தர, நான் ஸ்டூலில் ஏறி மேல் தட்டில் வைத்தேன். துருவேறி ஒட்டிப்போன ரிங்குகளையும் அதே மாதிரி தடவிச் சுற்றி, தாளின் மேல் பென்சிலால் எண் எழுதினார்.

"இதையுமா மாமா?"

"அளவெடுக்கவாவது ஆகும்ல" என்று சொல்லி மேலே நீட்டினார். வாங்கி அதன் இடத்தில் வைத்தேன்.