ஷெரிஃப், சர்ச், வீட்டு விலை

கொலராடோவுக்குக் குடிவந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டவை, வீட்டு வாசல் புல்தரைகளில் நட்டிருந்த ஷெரிஃப் தேர்தல் பலகைகள். ஷெரிஃப் என்பவர் ஜெய்சங்கரின் கௌபாய் படங்களோடு முடிந்துபோனவர் என்றல்லவா நினைத்திருந்தேன்! இங்கே பெரும்பாலான கவுண்டிகளில், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான பகுதிகளில், போலீஸ் தலைவரான அவரை இன்றும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். விசாவில் வந்த நமக்கு ஓட்டு கிடையாது, வேடிக்கை பார்க்கலாம்.

அந்தக் குளிர்காலத்தில் நூலகத்திலிருந்து பழைய வெஸ்டர்ன் டிவிடிகளை அள்ளிக்கொண்டு வந்தேன். மனதில் தங்கியது 1952இல் வந்த 'ஹை நூன்'. கேரி கூப்பர்தான் மார்ஷல், அதாவது ஊரின் காவல் அதிகாரி. கல்யாணம் முடிந்த கையோடு வேலையை விட்டுக் கிளம்புகிறார். அவர் சிறைக்கு அனுப்பிய கொலைகாரன் விடுதலையாகி, பன்னிரண்டு மணி ரயிலில் வருகிறான் என்று சேதி வருகிறது. துணைக்கு ஆள் கேட்டு ஊரெல்லாம் அலைகிறார்.

எனக்குச் சண்டையைவிட சர்ச் காட்சிதான் படம். குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். ஒரு பெண் எழுந்து எல்லோரையும் திட்டுகிறாள், அதோடு சரி. கடைசியில் ஒரு பெரியமனிதர், அதுவும் மார்ஷலின் நண்பர், அவரை வானளாவப் புகழ்கிறார். அப்புறம் விஷயத்துக்கு வருகிறார்: வடக்கேயுள்ளவர்கள் இங்கே கடை, தொழிற்சாலை என்று பணம் போட யோசிக்கிறார்கள்; தெருவில் துப்பாக்கிச் சூடு என்றால் யார் வருவார்கள்? நீங்கள் போய்விடுவதுதான் நல்லது. நம்மூர்ப் படமாக இருந்தால் இந்நேரம் ஊரே அரிவாளோடு கிளம்பியிருக்கும்.

வீடு வாங்கிய பிறகு எங்கள் காலனியின் எச்ஓஏ, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். பக்கத்துக் காலி மனையில் குறைந்த வாடகைக் குடியிருப்பு வரப்போவதாகப் பேச்சு. மைக்கைப் பிடித்த ஒவ்வொருவரும் "நல்ல திட்டம்தான்" என்று ஆரம்பித்து, வீட்டு விலையில் வந்து நின்றார்கள். ஒருவர் குரலும் உயரவில்லை. காபி, குக்கீஸ்கூட இருந்தன. இவர்கள் கெட்டவர்கள் இல்லை. பனி கொட்டினால் என் வாசலையும் சேர்த்து அள்ளிப் போடுகிறவர்கள். எனக்கு அந்த சர்ச்தான் ஞாபகம் வந்தது.

படத்துக்குத் திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன் தான் பட்டதை எழுதியவர். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம் அது. 1951இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணைக் குழு கூப்பிட்டபோது அடுத்தவர் பெயரைச் சொல்ல மறுத்தார். ஹாலிவுட் கைகழுவியது, இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். வெஸ்டர்ன் படங்களின் நாயகன் ஜான் வெய்னுக்குப் படம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஊராரிடம் கெஞ்சுகிறவன் ஒரு மார்ஷலா என்று, இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸோடு சேர்ந்து 1959இல் 'ரியோ பிராவோ'வைப் பதிலாகக் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் வாக்குவாதம் நடப்பது ஹெலன் ராமிரெஸ் பற்றித்தான். கேட்டி ஹுராடோ நடித்த மெக்சிகோப் பெண். கடைக்குப் பணம் போட்டவள் அவள்; முன்னால் நிற்பவர் ஒரு வெள்ளைக்காரர். இந்த ஊர் எனக்கு எப்போதும் பிடித்ததில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறாள். யாரும் மார்ஷலுக்கு உதவ மாட்டார்கள் என்பதை முன்னாடியே கணக்குப் போட்டு, கடையை விற்றுவிட்டு ரயிலேறப் போய்விடுகிறாள். ஊரைப் படித்தவள் அவள் ஒருத்திதான் என்பது என் மனைவியின் கட்சி. சரிதான், ஆனால் அவள் கையில் கடை விற்ற பணம் இருந்தது. நமக்கு முப்பது வருட வீட்டுக்கடன் இருக்கிறது.